போஸ்டரோட போற பேத்திக்கு

வா பாப்பா, ஒக்காரு. பெண்டிரைவைக் கையில வச்சிக்கினு திருதிருன்னு முழிக்கறதப் பாத்தாலே தெரியுது, காலைல கான்ஃபரன்ஸ். வேளாண்மைக் காலேஜுக்கு எதுக்க ஒன் மாமன் இந்த ஃபிளக்ஸ் கடையப் போட்டதுலேருந்து பாக்கறன், ஆராய்ச்சி பண்ற புள்ளைங்க யாரும் முந்தின நாளு ராத்திரிக்கு முன்னாடி வந்ததா சரித்திரமே இல்ல. வருசக்கணக்கா காட்டுல புழு எண்ணுவீங்க, போஸ்டரை மட்டும் டீ ஆறறதுக்குள்ள போட்டுடுவீங்க. நல்ல பழக்கம், வுட்றாத.

மாமன் மெசினைத் தொடச்சி முடிக்கட்டும். அதுக்குள்ள நான் ஒரு பார்வை பாக்கறன். செவுத்துல பிரஷ்ஷு புடிச்சி உர வெளம்பரம் எழுதி ஒன் அம்மாவக் கட்டிக் குடுத்தவன் நான். எழுத்து எனக்குத் தெரியும். ஒன் இங்கிலீசுதான் தெரியாது.

அடேங்கப்பா, தலைப்பே மூணு வரி! தமிழ்ல சொல்லு கேப்பம். ‘மானாவாரி நிலக்கடலையில் ஸ்போடாப்டெரா லிட்டுராவின் ஒருங்கிணைந்த மேலாண்மையில் வரப்போர ஆமணக்குக் கவர்ச்சிப் பயிரின் செயல்திறன் குறித்த ஓர் ஆய்வு’. கடைசியில ‘ஓர் ஆய்வு’ன்னு போட்ட பாரு, அங்கதான் நீ நிக்கற. இல்லன்னா கான்ஃபரன்சுக்கு வந்தவன் வேற என்னமோன்னு நெனச்சி மொய் எழுதிட்டுப் போயிருப்பான்.

சரி, இத்தனை நாளா என்னாதான் கண்டுபிடிச்ச? வாயால சொல்லு. மல்லாட்டைக்கு வரப்பு ஓரத்துல ஆமணக்கு போட்டா, ஒன் ஸ்போடாப்டெரா, அதான் நாங்க சொல்ற புரோடீனியா, அந்த அந்து மல்லாட்டைய வுட்டுட்டு ஆமணக்கு எலையில போய் முட்டை வைக்குது. சுத்தி வந்து அந்த எலைய மட்டும் கிள்ளிட்டா, மருந்தடிக்கற செலவு கொறையுது. அவ்ளோதான? எங்க தாத்தாவுக்கே தெரிஞ்ச சேதின்னு சொல்ல வாய் வருது, சொல்லல. எத்தனை செடி போட்டாப் போதும்னு அவுரு எண்ணிப் பாக்கல, நீ எண்ணிப் பாத்திருக்க. அது பெருமைதான். ஆனா இப்ப மூச்சு வுடாம சொன்னியே, அது போஸ்டர்ல எங்க இருக்குது? தேடு. நானும் தேடறன். தோ, கீழ வலது மூலையில, ‘முடிவுரை’ங்கற பொட்டிக்குள்ள, நாலாவதா.

நம்ம கோடித்தெருவுல போன மாசம் காதுகுத்து பேனர் வச்சாங்களே, அதேதான் இது. தாய்மாமன் தலை இவ்ளோ பெருசு, ஒன்றியச் செயலாளர் தலை அதைவிடப் பெருசு, வருக வருகன்னு கும்புடறவங்க முப்பது பேரு. காது குத்திக்கற கொழந்தை மட்டும் அடியில தபால்தலை அளவு. ஒன்னுதுலயும் பாரு, மேல ரெண்டு மூலையிலயும் லோகோ, நடுவுல காலேஜ் கட்டடம், பணம் குடுத்தவங்க லோகோ வரிசையா, கைடு பேரு கொட்டை எழுத்துல. ஆமணக்கு எலை போட்டோ தீப்பெட்டி அளவு.

அந்த போட்டோவ நீயே ஒரு தரம் நல்லாப் பாரு. எலையத் திருப்பிப் புடிச்சி எடுத்திருக்க. அடியில பழுப்பு முடி போத்தின முட்டைக் குவியல் துல்லியமா விழுந்திருக்குது. பக்கத்துலயே இன்னொரு எலை, குஞ்சுப் புழுவெல்லாம் கூட்டமா ஒக்காந்து பச்சையச் சொரண்டித் தின்னதுல சல்லடையாக் கெடக்குது, இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியுது. பாக்கறவன் காலு தன்னால நிக்கும் அந்தப் படத்துக்கு. அதை மூலையில தள்ளிட்டு, நடுவுல கட்டடம். கட்டடம் ஓடியா போவப் போவுது?

நீ கேக்க மாட்ட, தெரியும். அதனால ஒன் இஷ்டப்படியே சொல்றன். ஆய்வறிக்கை மொத்தத்தையும் ஏத்திடு. எழுத்தைச் சின்னதாக்கிட்டா எல்லாம் அடங்கிடும். 72 பாயிண்டு சேந்தா ஒரு அங்குலம். 24 பாயிண்டுன்னா அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, நாலடி தள்ளி நிக்கறவன் சிரமமில்லாமப் படிச்சிடுவான். அவ்ளோ எளக்காரம் குடுக்கலாமா? 12 வச்சா கிட்ட வந்துதான ஆவணும், மரியாதை தன்னால வரும். தலைப்பை 85 பாயிண்டுக்கு மேல வச்சா ஹால் வாசல்லேருந்தே தெரிஞ்சிடும், ஆராய்ச்சின்னா ஒரு ரகசியம் வேணாமா. கிராஃபுல ஒரு கோடு செவப்பு, ஒரு கோடு பச்சை போட்டுக்க. அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாத ஆம்பளைங்க நாலு பேராச்சும் வருவாங்க, மண்டைய ஆட்டிட்டுப் போவட்டும்.

படிக்க முடியுமா முடியாதான்னு சந்தேகமா இருந்தா ஒரு வேலை செய். இந்தப் போஸ்டர் அளவுக்கு ஏ-ஜீரோன்னு பேரு, 841க்கு 1189 மில்லிமீட்டர். நாலு தரம் மடிச்சா நம்ம ஏ-ஃபோர் தாளு. அதனால மொத்தப் போஸ்டரையும் ஒரு ஏ-ஃபோர்ல சின்னதா எடுத்துக் கையில வச்சிப் படி. படிக்க முடிஞ்சா செவுத்துல மாட்டுனாலும் படிக்க முடியும். காசும் கம்மி.

இந்தப் போஸ்டர் வழக்கமே எப்பிடி வந்துதுன்னு தெரியுமா? பேசணும்னு வர்றவங்க பெருகிட்டாங்க, பேச வைக்க ஹாலும் இல்ல, நேரமும் இல்ல. 1969ல ஸ்பெயின்ல மாட்ரிட்ல நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் கூட்டத்துல போர்டுல ஒட்டி வைக்கச் சொன்னாங்க, 1974ல அமெரிக்காவுல மினியாபொலிஸ்லயும் அப்பிடியே ஆச்சி. பக்கத்துல நின்னு பேசறதுக்குன்னுதான் ஒட்டுனதே. அதை நம்மாளுங்க, பேசத் தேவையில்லாத அளவுக்கு எழுதி ஒட்டணும்னு புரிஞ்சிக்கினாங்க. அமெரிக்காவுல மைக் மாரிசன்னு ஒரு தம்பி, மனோதத்துவம் படிச்சிக்கினு இருந்தவரு, 2019ல கார்ட்டூன் வீடியோ ஒண்ணு போட்டாரு. கண்டுபிடிச்ச சேதிய நடுவுல பெரிய எழுத்துல, சாதாரண பேச்சுல எழுதுங்க, மிச்சத்தை ஓரத்துல வைங்க, வெலாவாரியா வேணும்ங்கறவன் க்யூஆர் கோடை ஃபோன்ல புடிச்சிக்கட்டும்னு. இந்தக் கடைக்கு வர்ற புள்ளைங்கதான் எனக்கே காட்டுனாங்க. நாப்பது வருசமா செவுத்துல நான் பண்ணதுதான். பஸ்ஸுல போறவனுக்கு யூரியான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், நைட்ரஜன் எத்தனை சதவீதம்னு மூட்டையில போட்டிருக்கும். ஆனா அந்தத் தம்பி சொல்றபடியே நடுவுல ஒரு வரிய மட்டும் வச்சிட்டு கிராஃபை ஒளிச்சிடாத. வரியப் பாத்து வந்தவன் ஆதாரம் எங்கன்னு ஒடனே கேப்பான்.

இனி கடை சமாச்சாரம். இதுல கேலி கெடையாது, மாமன் எங்கிட்ட கத்துவான். பவர்பாயிண்ட்ல எடுத்த எடுப்புல வர்ற அகல சிலைடுலயே போட்டுக் கொண்டாந்து, ஏ-ஜீரோவுக்கு இழுத்து அடிங்கன்னு சொன்னா, வட்டமா இருக்கற கிராஃப் கோழிமுட்டையாயிடும், ஒங்க கைடு மொகம் நீண்டுடும். மொதல்லயே அளவு வச்சிப் போடணும். பிடிஎஃப்பாக் கொண்டா, இல்லாட்டி டிகிரி குறி, மியூ குறி எல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாத் தெரியும். லோகோவ வாட்சப்புல வாங்காத. ஒரு அடிக்கு அச்சாவணும்னா அங்குலத்துக்கு 150 புள்ளின்னு வச்சாலும் 1800 புள்ளி வேணும், வாட்சப்புல வந்தது பூசணம் பூத்துடும். திரையில பளிச்சுனு இருக்கற நீலம் மையில வந்தா கத்திரிப்பூ பக்கம் சாயும், எங்கிட்ட சண்டைக்கு வராத. போர்டு நிமுந்து நிக்குதா, படுத்துக் கெடக்குதான்னு கான்ஃபரன்ஸ்காரங்க அனுப்புன கடுதாசியப் பாத்துக்க. மூணுக்கு நாலு அடின்னு போட்டிருந்தா அது ஏ-ஜீரோ இல்ல, அகலம் கொஞ்சம் கூடும். ஊசியும் ரெண்டு பக்கம் ஒட்டற டேப்பும் நீயே எடுத்துக்கினு போ. ஏற்பாடு பண்ணவங்க தருவாங்கன்னு நம்புனா, பக்கத்துப் போர்டுக்காரன் கிட்ட மொதல் பேச்சே யாசகமாயிடும்.

நாளைக்கு ஆளுங்க எப்ப வருவாங்க? டீ நேரத்துல. ஒரு கையில கப்பு, ஒரு கையில போண்டா. கப்பு காலியாவற நேரந்தான் ஒனக்கு. போஸ்டருக்கு முன்னாடி மறைச்சிக்கினு நிக்காத, பக்கத்துல நில்லு. முதுகக் காட்டிக்கினு வரி வரியாப் படிச்சிக் காட்டாத, அவுருக்கும் கண்ணு இருக்குது. ஃபோனைப் பையில போட்டுடு. எட்டிப் பாக்கறவரு கிட்ட மூணு வரி சொல்லு: புழு என்னா பண்ணுது, ஆமணக்கு என்னா பண்ணுது, நீ எத்தனை செடின்னு எண்ணுன. சொல்லிட்டு ‘நீங்க எதுல சார் வேலை செய்யறீங்க?’ன்னு கேளு. அதுக்கப்புறம் அவுருதான் பேசுவாரு, நீ தலைய ஆட்டுனாப் போதும். போவும்போது ‘கெட்டிக்காரப் பொண்ணு’ன்னு சொல்லிட்டுப் போவாரு.

எல்லாரும் அப்பிடி இருக்க மாட்டாங்க. மார்க்கு போடறவரு கடியாரத்தைப் பாத்துக்கினே வருவாரு, அவுருக்கு ரெண்டு நிமிசச் சேதி தனியா வச்சிக்க. ஒருத்தரு ஒன் கிராஃபுல அந்தச் சின்ன நட்சத்திரத்தைக் காட்டி ‘அனோவாவா, டி-டெஸ்ட்டா?’ன்னு கேப்பாரு, அவுருக்கு ஒன் புழுவப் பத்தி அக்கறை இல்ல, நட்சத்திரத்தைப் பத்திதான். தெரிஞ்சதச் சொல்லு, தெரியலன்னா பாத்து அனுப்பறேன்னு மெயில் ஐடிய வாங்கிக்க. இன்னொருத்தரு ஒண்ணும் கேக்க மாட்டாரு, ஃபோனை எடுத்து முழுப் போஸ்டரையும் படம் புடிச்சிட்டு நழுவிடுவாரு. எங்கயும் அச்சாவாத எண்ணு எதுனா இதுல இருந்தா இப்பவே எடுத்துடு, நாளைக்குப் பொலம்பாத.

ஒங்க கைடு வந்து நிப்பாரு. வர்றவங்க கேக்கறதுக்கெல்லாம் அவுரே பதில் சொல்வாரு. நீ பாட்டுக்குப் பக்கத்துல அடக்கமா நின்னுட்டு, முட்டைக் குவியல் எந்த எலையில கெடச்சிதுன்னு யாராச்சும் கேக்கறப்ப மட்டும் வாயத் தொற. அதுல அவுரு பதில் சொல்ல முடியாது. காட்டுல குனிஞ்சது நீதான.

சரி, கட்டடத்தை எடுக்கறியா இல்லையா? எடுக்கறியா! டேய், நிறுத்துடா மெசினை, பாப்பா மாத்தறா. எலைய நடுவுல போடு, இன்னும் பெருசா, நரம்பு தெரியட்டும். மேல நீ எங்கிட்ட வாயால சொன்னதையே எழுது. ‘ஓர் ஆய்வு’ வேணாம்.

முடிஞ்சி வர்றப்ப போர்டுலயே வுட்டுட்டு வந்துடாத. நல்ல தடிப்பு ஃபிளக்ஸு, சுருட்டி எடுத்துக்கினு வா. அடுத்த வாரம் மல்லாட்டை புடுங்கறம், காய வைக்க விரிக்கலாம். எழுத்து மேல பாக்க விரிக்கச் சொல்றன், காய் ஆயற பொம்பளைங்க ஒண்ணு ரெண்டு கேள்வி கேப்பாங்க. மார்க்கு போடறவரை வுட கஷ்டமாத்தான் இருக்கும், படிச்சிட்டு வா.