பக்கத்து வீட்டு ஜெர்ரி: திருத்திய பதிப்பு

'ஃப்ரைட் நைட்' என்ற பெயரில் இரண்டு அமெரிக்கப் படங்கள் உண்டு. முதலாவது 1985 ஆகஸ்டில் வந்தது. எழுதி இயக்கியவர் டாம் ஹாலந்து. இரண்டாவது 2011 ஆகஸ்டில் வந்தது. எழுதியவர் மார்ட்டி நாக்ஸன், இயக்கியவர் கிரெய்க் கில்லெஸ்பி. இரண்டிலும் கதாநாயகன் சார்லி ப்ரூஸ்டர் என்ற பள்ளிக்கூடப் பையன். இரண்டிலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு ரத்தக்காட்டேரி குடிவருகிறது. இரண்டிலும் அதன் பெயர் ஜெர்ரி. இரண்டும் ஓடுவது 106 நிமிடம். முதல் படத்தை ஒரு கூட்டம் நாற்பது ஆண்டுகளாக விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை அது வெளிவந்த வாரத்திலேயே அதிகம் பேர் போய்ப் பார்க்கவில்லை.

ஹாலந்துக்கு அது இயக்குநராக முதல் படம். அதற்கு முன் 'சைக்கோ 2' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர். அவர் எடுத்துக்கொண்ட கதை 'புலி வருது, புலி வருது' கதைதான். புலிக்குப் பதில் ரத்தக்காட்டேரி. பேய்ப்படப் பைத்தியமான ஒரு பையன், ஜன்னல் வழியே பக்கத்து வீட்டை நோட்டம் விட்டபடி, அங்கே இருப்பது ரத்தக்காட்டேரி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காதலி நம்பவில்லை. அவன் அழைத்துவந்த போலீஸ்காரர், விசாரணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது பையன் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்ததும் எரிச்சலோடு காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அம்மா எல்லாருக்கும் ஒரு படி மேல். புதிதாகக் குடிவந்தவர் ஆயிற்றே என்று வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துவிடுகிறாள்.

இங்கே ஒரு சட்ட விளக்கம் தேவை. வீட்டுக்காரர் வாயால் 'வாங்க' என்று சொல்லாதவரை ரத்தக்காட்டேரி வாசற்படி தாண்டக் கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு நினைத்தபோது வரலாம். சார்லி கூடத்துக்கு இறங்கிவரும்போது ஜெர்ரி நாற்காலியில் சாய்ந்து, இனி அடிக்கடி வருவதாக அம்மாவுக்கு முன்பே சிரித்த முகத்தோடு தெரிவித்துக்கொள்கிறான். ரத்தம் ஒரு சொட்டுச் சிந்தாத காட்சி. படத்திலேயே அதிகம் வயிற்றைக் கலக்குவது அதுதான்.

ஜெர்ரியாக நடித்தவர் கிறிஸ் சரண்டன். நல்ல ஸ்வெட்டர், நல்ல மரியாதை, கையில் எப்போதும் ஒரு ஆப்பிள். அந்த ஆப்பிள் நடிகரின் சொந்தச் சரக்கு. ஜெர்ரியின் வம்சத்தில் எங்கோ பழந்தின்னி வௌவால் கலந்திருக்க வேண்டும் என்று சரண்டன் முடிவுகட்டி, காட்சிக்குக் காட்சி பழத்தைக் கடித்தார். இயக்குநரும் தடுக்கவில்லை. கொலை செய்துவிட்டு வந்து நிதானமாக ஆப்பிள் தின்கிற ஆளிடம், கோரைப்பல் காட்டி உறுமுகிற ஆளிடம் இல்லாத ஒரு பயம் இருக்கிறது. பல்லுக்கும் குறைவில்லை. முந்தைய ஆண்டு 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்துக்கு வேலைபார்த்த ரிச்சர்ட் எட்லண்டின் குழு தந்திரக் காட்சிகளைக் கவனித்துக்கொண்டது. சரண்டன் சில நாட்கள் எட்டு மணி நேரம் வரை ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் படத்தின் உயிர் ஜெர்ரியிடமோ சார்லியிடமோ இல்லை. பீட்டர் வின்சென்டிடம் இருக்கிறது. பழைய திகில் நடிகர்களான பீட்டர் கஷிங், வின்சென்ட் பிரைஸ் இருவர் பெயரிலிருந்தும் பாதி பாதி எடுத்துச் செய்த பெயர். ஒரு காலத்தில் மூன்றாந்தரப் படங்களில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடியவர். இப்போது நடுராத்திரித் தொலைக்காட்சியில் அதே படங்களுக்கு முன்னுரை சொல்லிப் பிழைப்பவர். அந்த வேலையும் போய்விடுகிறது. இளசுகளுக்கு முகமூடி போட்ட வெட்டுக்குத்துக்காரன்தான் வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறார். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸும் வந்திருக்கிறது. சார்லி வந்து 'நிஜ ரத்தக்காட்டேரி' என்றதும் ஓட்டமெடுக்கிறார். சார்லியின் காதலி ஏமி 500 டாலர் சேமிப்புப் பத்திரத்தை நீட்டியதும் ஓட்டம் நிற்கிறது.

ஒப்பந்தம் இவ்வளவுதான்: ஜெர்ரியின் வீட்டுக்குப் போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் புனித நீர் என்று கொடுத்துக் குடிக்கவைத்து, ஒன்றும் ஆகவில்லை பார் என்று பையனின் மனப்பிராந்தியைத் தீர்க்க வேண்டும். ஜெர்ரியும் ஒத்துழைத்துக் குடித்துவிடுகிறான். எல்லாரும் விடைபெறும் நேரத்தில் பீட்டர் சிகரெட் டப்பாவைத் திறக்கிறார். மூடியின் உட்புறம் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் அறை தெரிகிறது, பையன்கள் தெரிகிறார்கள், ஜெர்ரி தெரியவில்லை. டப்பா கைநழுவி விழுந்து கண்ணாடி உடைகிறது. வாழ்நாள் முழுக்கக் காட்டேரியை நடிப்பில் கொன்றவர் நிஜக் காட்டேரியை முதல்முறையாகப் பார்க்கும் முகத்தை ராடி மக்டவல் செய்துகாட்டியிருக்கிறார். குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கி, 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படங்களில் குரங்கு முகமூடிக்குள்ளிருந்தே நடித்துப் பேர்வாங்கியவர். முகமூடி இல்லாமல் விட்டால் என்ன செய்வார் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

அதற்குப் பின் ஹாலந்து வைத்த விதி இன்னும் அழகானது. சிலுவையைத் தூக்கிக் காட்டினால் மட்டும் போதாது. தூக்கியவனுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். பீட்டர் நாடகபாணியில் சிலுவையை நீட்ட, ஜெர்ரி சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி எறிகிறான். யாரும் நம்பாத ஒரு பையனும் எதையும் நம்பாத ஒரு கிழவரும் சேர்ந்து ஒரு காட்டேரியை எப்படி ஒழிப்பது என்பதுதான் மீதிப் படம். காட்டேரியாகி ஓநாயாக மாறிய, சார்லியின் நண்பன் எட் என்ற பையனைப் பீட்டர் குத்திவிடுகிறார். அவன் துடித்து, மெல்ல மெல்ல மனித உருவத்துக்குத் திரும்பிச் சாகிறான். பீட்டர் கண்கலங்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கேமராவும் அவசரப்படாமல் கூடவே நிற்கிறது. சிரிக்கவைக்க எடுத்த படத்தில் இப்படி ஒரு சாவை இவ்வளவு நேரம் காட்டுவதற்குத் தைரியம் வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து இதைப் புதுப்பிக்கலாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்கத் திகில் உலகம் அப்போது பழைய சாமான் வியாபாரத்தில் இறங்கியிருந்தது. 2009-இல் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்', 2010-இல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்', அதே ஆண்டில் 'லெட் மீ இன்'. போதாக்குறைக்கு எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் எடுக்கும் காய்ச்சல் வேறு. 'ஃப்ரைட் நைட்' அதற்கும் தப்பவில்லை. பெரும்பகுதி இருட்டில் நடக்கிற கதையை, வெளிச்சத்தைக் குடிக்கிற கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஜெர்ரி திரையில் எந்த மூலையில் இருக்கிறான் என்று தேடுவதும் திகிலில் ஒரு வகைதான்.

நல்லது இல்லாமல் இல்லை. கதையை லாஸ் வேகஸின் புறநகருக்கு மாற்றியது நல்ல யோசனை. அங்கே ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குபவர்கள் ஏராளம். ஜன்னலைக் கறுப்படித்து வைத்திருந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆட்கள் காணாமல்போனால் காலிசெய்துகொண்டு போயிருப்பார்கள் என்று தெரு நினைத்துக்கொள்ளும். காலின் ஃபாரலின் ஜெர்ரி பனியன் போட்டுக்கொண்டு, உடல் வளர்த்து, பசியோடு திரிகிறான். பீர் கேட்கிற சாக்கில் சார்லி வீட்டுக் கதவருகே வந்து நின்று, உள்ளே கூப்பிடுவானா என்று காத்திருக்கும் காட்சியில் வாசற்படிச் சட்டத்துக்கு நியாயம் செய்திருக்கிறார்கள். அடைத்துவைக்கப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆண்டன் யெல்ச்சினின் சார்லி ஓசையில்லாமல் மீட்டு, வாசல் கடந்து வெயிலுக்குக் கொண்டுவந்ததும் அவள் சாம்பலாக வெடிப்பது இன்னும் நல்ல காட்சி. காப்பாற்றிவிட்டான் என்று மூச்சுவிடும் நேரம் பார்த்துக் கையை வைத்திருக்கிறார்கள். விமர்சகர்களில் பலர் படத்தைப் பாராட்டினார்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

கோளாறு வேறு இடத்தில். புதிய படத்தில் ஜெர்ரி ரத்தக்காட்டேரி என்ற செய்தியைக் கொண்டுவருபவனே எட்தான். முதலில் நம்பாதவன் சார்லி. கொஞ்ச நேரத்தில் அவனும் நம்பிவிடுகிறான். பிறகு அம்மா, காதலி எல்லாரும் நம்பும்படியாக ஜெர்ரியே காரியம் பண்ணிவிடுகிறான். 'புலி வருது' கதையில் முதல் கூச்சலுக்கே ஊர் திரண்டு வந்துவிட்டால் மீதிக் கதைக்கு வேலை என்ன? துரத்தல்தான். படம் துரத்துகிறது.

ஜெர்ரி செய்யும் அந்தக் காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ப்ரூஸ்டர் வீட்டில் 'வாங்க' என்று சொல்ல ஆளில்லை. ஃபாரல் சளைக்காமல் தோட்டத்து மண்ணைத் தோண்டி, எரிவாயுக் குழாயை உருவியெடுத்து, நெருப்பு வைத்து வீட்டையே தகர்த்துவிடுகிறார். வீடே இல்லையென்றால் அழைப்பு எதற்கு என்பது வாதம். வழக்கறிஞர்கள் மெச்சக்கூடிய வாதம். அரங்கில் கைதட்டலும் வாங்கியிருக்கும். ஆனால் பழைய ஜெர்ரி அம்மாவிடம் நாலு வார்த்தை இனிக்கப் பேசிச் சாதித்ததற்கு, புதிய ஜெர்ரிக்கு ஒரு வெடிவிபத்து தேவைப்படுகிறது. மறுபதிப்பு முழுவதுமே அந்தத் தோட்டத்து வேலைதான்: பழைய வீட்டை இடித்து, அதே கதவு எண்ணைப் புது மதிலில் மாட்டுவது.

பீட்டர் வின்சென்டுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய அநியாயம். வேலை போன கிழ நடிகர் போய், தோல் கால்சட்டையும் ஒட்டுத் தலைமுடியுமாக லாஸ் வேகஸ் மேடையில் மாயாஜாலம் காட்டும் வாலிபர் வருகிறார். உச்சிமாடி மாளிகை, கண்ணாடிப் பெட்டிகளில் ஆயுதங்கள், கையில் எந்நேரமும் மதுக்கோப்பை. டேவிட் டென்னன்ட் கிடைத்த வசனத்தையெல்லாம் கறந்து சிரிக்கவைக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. குற்றம் கதையில். இந்தப் பீட்டரின் பெற்றோரைச் சிறுவயதில் கொன்றதே ஜெர்ரிதானாம். அவர் நம்புவதற்கு 500 டாலர் பத்திரமும் வேண்டாம், சிகரெட் டப்பாவும் வேண்டாம், பழிவாங்கினால் போதும். உலகத்தில் இத்தனை ரத்தக்காட்டேரிகள் இருக்க, பெற்றோரைக் கொன்றதே பையனின் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறது என்றால் வாடகை வீட்டுத் தரகரைத்தான் விசாரிக்க வேண்டும்.

நம்பிக்கை போன இடத்தில் ஆயுதம் வந்து உட்கார்ந்துகொண்டது. புனித மைக்கேல் ஆசீர்வதித்த ஒரு கட்டை. அதால் ஜெர்ரியைக் குத்தினால் அவன் கடித்த அத்தனை பேரும் மனிதர்களாகிவிடுவார்கள். பழைய படத்திலும் ஏமி பிழைத்துக்கொள்கிறாள் என்பது உண்மை. ஆனால் அங்கே குத்துகிறவன் கை நடுங்கியது. இங்கே சார்லி தீப்பிடிக்காத உடை மாட்டி, தீப்பற்றிய உடலோடு ஜெர்ரி மேல் பாய்கிறான். சிலுவை பலிக்குமா என்று பார்வையாளர் பதறவேண்டிய இடத்தில், உடைக்குத் தரச்சான்று உண்டா என்பதே கேள்வி.

காதல்வசப்பட்டு உருகும் 'ட்வைலைட்' வகைக் காட்டேரி அல்ல ஜெர்ரி, 'ஜாஸ்' படத்துச் சுறா மாதிரி என்று புதிய எட் விளக்குகிறான். நல்ல வசனம். இதை ஒளிப்பதிவு செய்த ஹாவியேர் அகிரெசரோபேதான் 'ட்வைலைட்' தொடரின் 'நியூ மூன்', 'எக்லிப்ஸ்' இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் என்பது வசனத்தில் வரவில்லை.

2011 ஆகஸ்ட் 19 அன்று படம் வெளிவந்தது. அதே நாளில் 'கோனன்' மறுபதிப்பும் முப்பரிமாணத்தில் வந்தது. சுரண்டி முகர்ந்து பார்க்கும் வாசனை அட்டையோடு 'ஸ்பை கிட்ஸ்' நான்காம் பாகமும் வந்தது. அந்த வார இறுதியில் முதலிடம் பிடித்ததோ மூக்குக்கும் கண்ணுக்கும் எந்தத் துணைக்கருவியும் கேட்காத 'தி ஹெல்ப்'. 'ஃப்ரைட் நைட்'டுக்கு மேலே நின்ற படங்களில் 'ரைஸ் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்'ஸும் ஒன்று. மக்டவலின் குரங்குகள் மக்டவலின் காட்டேரிப் படத்துக்காகப் பழிவாங்கின என்று எடுத்துக்கொள்ளத் தடையில்லை. 3 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் வசூலித்தது. 1985-இல் பழைய படம் சுமார் 2 கோடியே 50 லட்சம் வசூலித்தது. இடையில் டிக்கெட் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

புதிய படத்தில் சரண்டனும் ஒரு நிமிடம் தலைகாட்டுகிறார். நெடுஞ்சாலையில் காரோட்டி வந்து மோதும் வழிப்போக்கர் வேடம். பட்டியலில் பெயர் 'ஜே டீ', அதாவது ஜெர்ரி டான்ட்ரிஜின் முதலெழுத்துகள். இறங்கி என்ன ஏதென்று கேட்பதற்குள் ஃபாரல் அவரைக் கடித்துத் தீர்த்துவிடுகிறார். பழைய படத்தை வைத்துப் புதிய படம் என்ன செய்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் யாரும் எழுதவில்லை; அதைத் தயாரிப்பாளர்களே செலவுசெய்து படம்பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

2013-இல் 'ஃப்ரைட் நைட் 2: நியூ பிளட்' என்று ஒன்று நேராக டிவிடியில் வந்தது. இரண்டு என்று எண் இருந்தாலும் இரண்டாம் பாகம் அல்ல. அதே சார்லி, அதே ஏமி, அதே எட் புதிதாக அறிமுகமாகி, ருமேனியாவுக்குப் படிக்கப் போகிறார்கள்; அங்கே பெண் பேராசிரியராக ஒரு ஜெர்ரி. மறுபதிப்பின் மறுபதிப்பைப் பற்றி இதற்கு மேல் எழுத விஷயமில்லை.

முதல் இரண்டு படங்களையும் பார்க்க நினைப்பவர்கள் 2011-ஐ முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஃபாரலுக்காகவும் வாசற்படிக் காட்சிக்காகவும் மாலை வீணாகாது. வரிசையை மாற்றிப் பார்த்தால் சாதாரண முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்த இருட்டைவிட அதிக இருட்டில் உட்கார நேரும். டிவிடி வாங்கப் போகிறவர்கள் அட்டையில் ஆண்டைப் பார்த்து வாங்கவும்.