வராதோர் இயல்: கிளைச் செயலாளரை மாநாட்டுக்கு ஆயத்தம் செய்தல் குறித்து ஓர் ஆய்வு

மருத்துவர் சங்கக் கிளைச் செயலாளர் ஒருவரை மாநில மாநாட்டுக்கு ஏற்றவராகப் பக்குவம் செய்து எடுக்க, ஆவக்காய் ஊறுவதைவிட அதிகக் காலம் பிடிக்கிறது. காரம், உப்பு, வெயில் மூன்றும் இதிலும் உண்டு. ஆனால் ஆவக்காய்க்குச் செய்முறை எழுதியவர்கள் ஏராளம்; செயலாளருக்கு எழுதியவர் யாரும் இல்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில், ஒரு பேருந்தை நிரப்பக்கூடிய, ஆனால் ஒருபோதும் நிரப்பாத அளவு உறுப்பினர்களைக் கொண்ட கிளை. பெருநகரக் கிளைகள் விலக்கப்பட்டன. அங்கே மாநாடு என்பது மாலையில் காரை எடுத்துக்கொண்டு போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது. அதில் ஆராய ஒன்றுமில்லை. முதன்மைச் சான்றுகளாகச் சுற்றறிக்கைகள், அழைப்பிதழ்கள், வாட்ஸ்அப் குழுவின் செய்திகள் ஆகியன கொள்ளப்பட்டன. துணைமைச் சான்றுகள் செயலாளர்களின் மனைவிமார் வாய்மொழியாகத் தந்தவை. நம்பகத்தன்மையில் பின்னவையே மேம்பட்டவை என்பதை ஆய்வு நெறியாளர்கள் பொறுத்தருள்க.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். 1832இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்து மருத்துவமனையில் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற மருத்துவர் வெளியூர் மருத்துவர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். பின்னாளில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமாக வளர்ந்தது அதுதான். லண்டன்காரர்களின் தயவில்லாமல், வெளியூர்க்காரர்களே கூடித் தொடங்கிய அமைப்பு என்பது நம் கிளைச் செயலாளர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அன்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்ததாக வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அழைப்புக் கிடைத்தும் வராதவர் எத்தனை பேர், என்ன காரணம் சொன்னார்கள் என்பதைக் குறிக்கவில்லை. இந்திய மருத்துவச் சங்கம் 1928இல் கல்கத்தா மாநாட்டில் பிறந்தது. அங்கும் அதே குறைபாடு.

கூட்டம் நடத்தும் முறையைப் பற்றிய அறிஞர்களும் உதவவில்லை. ஹென்றி ராபர்ட் அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள்; கூட்டம் கைமீறிப் போனது. அந்த அவமானத்தில் படித்துப் படித்து, 1876இல் கூட்ட விதிகளுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். தீர்மானத்தை எப்படி முன்மொழிவது, எப்படித் திருத்துவது, எப்படி ஒத்திவைப்பது என்று எல்லாம் அதில் உண்டு. முன்மொழிய வேண்டியவர் பார்க்கிங்கில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு விடையில்லை. நார்த்கோட் பார்க்கின்சன் 1950களில் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தபோது குழுக்களின் இயல்பை ஆராய்ந்தார். அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிடங்களில் நிறைவேற்றும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் மோதிக்கொள்ளும் என்று கண்டு சொன்னவர் அவர். அவரும் வந்தவர்களையே ஆராய்ந்தார். சைக்கிள் கொட்டகை விவாதத்துக்குக்கூட வராதவர்களை எவரும் ஆராயவில்லை. இந்த ஆய்வு இடைவெளியில்தான் நம் கருதுகோள் கால் பதிக்கிறது: கிளைத் தலைவர்களை மாநாட்டுக்கு ஆயத்தம் செய்வது என்று சொல்லப்படுவது யாவும், மாநாட்டுக்கு வராதவர்களைக் கையாளும் கலையே.

முறையான பயிற்சியிலிருந்து தொடங்கலாம். மாநிலத் தலைமை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளைத் தலைவர்களையும் செயலாளர்களையும் ஓட்டல் அரங்கு ஒன்றுக்கு அழைக்கிறது. துணைவிதிகள், சந்தா பாக்கி, மாநாட்டு மலருக்கு விளம்பரம் பிடிப்பது, தீர்மானங்களை எழுத்து மூலம் முன்கூட்டியே அனுப்புவது, மேடையில் முன்னாள் தலைவர்களை எந்த வரிசையில் விளிப்பது என்று பாடங்கள் போகின்றன. கடைசிப் பாடத்துக்குத்தான் குறிப்பெடுப்பார்கள். ஒரு முன்னாள் தலைவரின் பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதைச் செயலாளர்கள் நேரில் கண்டவர்கள். நம் கருதுகோளுக்கு முதல் ஆதாரமும் இங்கேயே கிடைக்கிறது. அழைக்கப்பட்ட கிளைகளில் கணிசமானவை வரவில்லை. வராதவர்களுக்காக அதே பயிற்சி மறுபடியும் ஜூமில் நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஜூமுக்கு வந்தவர்கள், ஏற்கெனவே நேரில் வந்தவர்கள்.

செய்முறைப் பயிற்சி ஜூலை 1. மருத்துவர் பி. சி. ராய் பிறந்ததும் (1882) மறைந்ததும் (1962) அந்தத் தேதியிலேயே என்பதால் அது மருத்துவர் தினம். கிளை அளவில் அதைக் கொண்டாடிக் காட்டுபவரே மாநாட்டுக்குத் தகுதியானவர். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949இல் அதே ஜூலை 1 அன்று பிறந்தது. ஆக ஊரிலுள்ள ஒரே ஏ.சி. மண்டபத்துக்கு டாக்டர்களும் ஆடிட்டர்களும் ஒரே நாளில் போட்டி போடுகிறார்கள். ஆடிட்டர்கள் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். கடைசித் தேதி என்றால் என்னவென்று அறிந்த தொழில் அது.

மாநாட்டுக்கு நாள் குறிப்பது மாநிலத் தலைமையின் வேலை. வசவு வாங்குவது கிளைச் செயலாளரின் வேலை. ஆவணியில் வைத்தால் முகூர்த்தம், ஐப்பசியில் வைத்தால் மழையும் டெங்குவும், தையில் பொங்கலும் மீண்டும் முகூர்த்தமும். முகூர்த்தமே இல்லாத மாதங்களில் ஒன்று மார்கழி. சேப்பாக்கத்தில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திய அறுவை மருத்துவர் சங்கம் தன் தேசிய மாநாட்டை டிசம்பரில் நடத்துவதற்குப் பஞ்சாங்கமே காரணம் என்று நிறுவ இவ்வாய்வாளருக்கு ஆசை உண்டு. ஆதாரம் போதாது. தவிர, மார்கழியில் கச்சேரி என்ற புதிய காரணம் வந்துவிடுகிறது.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். வராமைக்கான காரணங்கள் துறைதோறும் வேறுபடுகின்றன. செயலாளருக்கு இதில் தேர்ச்சி இல்லையேல் துணைவிதி முழுதும் மனப்பாடமாகத் தெரிந்தும் பயனில்லை. மகப்பேறு மருத்துவர் சொல்லும் காரணத்தை யாரும் மறுக்க முடியாது: “அந்த வாரம் மூணு பேருக்கு டேட் இருக்கு தம்பி.” வயிற்றில் இருக்கும் குழந்தையோடு வாதாட எந்தத் துணைவிதியிலும் இடமில்லை. குழந்தை மருத்துவர் காய்ச்சல் பருவத்தைக் கைகாட்டுவார். எலும்பு மருத்துவர் பெரும்பாலும் வந்துவிடுவார். கட்டுப் போட்ட நோயாளி வேறெங்கும் ஓடிவிடப் போவதில்லை. தோல் மருத்துவரின் நிலை பரிதாபம். நள்ளிரவில் கதவைத் தட்டும் அவசரம் அவர் துறையில் அபூர்வம் என்பதால், சொந்தத்தில் ஒரு கல்யாணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் மருத்துவமனையில் ஒருவர் இருந்தாக வேண்டும். யார் இருப்பது என்று முடிவாவதற்குள் மாநாடு முடிந்துவிடும். துறை கடந்த பொதுக் காரணமும் ஒன்று உண்டு. மூத்தவர்கள், “இளையவங்க போகட்டும், அவங்கதானே கத்துக்கணும்” என்கிறார்கள். இளையவர்கள், “சீனியர்ஸ் போகட்டும் சார், அதுதானே மரியாதை” என்கிறார்கள். இரு சாராரின் பெருந்தன்மைக்கும் நடுவே பேருந்து காலியாக நிற்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் இடப்படும் கட்டைவிரல் குறி தனி ஆய்வுக்குரியது. “மாநாட்டுக்கு வருவோர் பெயர் தருக” என்ற செய்திக்குக் கீழே எழும் கட்டைவிரலுக்கு மூன்று பொருள் கொள்ளலாம்: வருகிறேன்; படித்தேன்; நீ அனுப்பியது நல்ல காரியம், மேலும் தொந்தரவு செய்யாதே. தேர்ந்த செயலாளர் மூன்றாவதையே பொருளாகக் கொண்டு, ஒவ்வொருவரையும் போனில் அழைப்பார். அப்போது கிடைக்கும் விடை: “பேரைப் போட்டு வைங்க, பாத்துக்கலாம்.” போட்டு வைத்த பெயருக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி அந்த உரையாடலில் எழுவதில்லை.

பணம் என்றதும் பதிவுக் கட்டணம். முன்பதிவுக்குச் சலுகை, பிறகு முழுக் கட்டணம், அதன்பின் ஸ்பாட் என்று மூன்று படிகள் எல்லா மாநாட்டிலும் உண்டு. வராதோர் இதைக் குறித்து ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: எந்தக் கடைசித் தேதியும் நீட்டிக்கப்படும். விதி பொய்த்ததே இல்லை. நீட்டிக்காவிட்டால் மாநாட்டுக் குழுவுக்குச் சமையல்காரருக்கு எத்தனை இலை என்று சொல்ல வழியில்லை. ஆகவே கட்டண அட்டவணை என்பது வர விரும்புவோரை முந்திவரத் தூண்டுவதற்கன்று. வராதோர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்று அளந்து பார்ப்பதற்கே.

முன்னொரு காலத்தில் செயலாளருக்குத் துணை இருந்தது. மருந்து நிறுவனத்தின் ரெப் ஒருவர் பக்கத்தில் நிற்பார். ரயில் டிக்கெட், அறை, நல்ல தோல்பை எல்லாம் எங்கிருந்தோ வரும். 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் தன் நெறிமுறை விதிகளைத் திருத்தி, மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறலாகாது என்றது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்து விற்பனை நெறிமுறை வந்து, நிறுவனங்களின் பக்கத்திலிருந்தும் கதவைச் சாத்தியது. மக்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. செயலாளரின் கையில் எஞ்சியது வாதத் திறமை மட்டுமே. அதிலும் உருப்படியான வாதம் ஒன்றே: 2002ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன, மாநாட்டுக்கு வந்தால் கிரெடிட் கிடைக்கும். எனவே அரங்க வாசலில் பேட்ஜை ஸ்கேன் செய்கிறார்கள். உள்ளே நுழைந்ததை அந்தக் கருவி குறித்துக்கொள்கிறது. அடுத்த வாசல் வழியே வெளியேறியதைக் குறிக்க இன்னொரு கருவி வாங்க வேண்டும் என்று எந்தக் குழுவும் தீர்மானம் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

வந்தும் வராதோர் என்று இவர்களைத் தனி வகையாகப் பிரிக்கலாம். பொதுக்குழுவின்போது இவ்வகையினரின் தொகை உச்சத்தைத் தொடும். பொதுக்குழு சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கப்படுகிறது. நீதிபதிக்கே கண் சொக்கும் நேரம் அது. கோரம், அதாவது குறைந்தபட்சத் தலை எண்ணிக்கை, வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் இதில் அனுபவசாலிகள் என்பது தெரிகிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஐயாயிரம் பேருக்கு மேல் உறுப்பினர் கொண்ட பொது நிறுவனத்துக்கும் 30 பேர் நேரில் இருந்தால் போதும் என்கிறது. அந்த 30 பேரும் அரை மணியில் சேராவிட்டால் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடம். அப்போதும் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். மருத்துவர் சங்கங்கள் கம்பெனிகள் அல்ல. அடுத்த வாரம்வரை காத்திருக்கும் பொறுமையும் அவற்றுக்கு இல்லை. பல சங்கங்களின் வழக்கம், அரை மணி ஒத்திவைத்து, அதே கூட்டத்தை அதே ஆட்களோடு அங்கேயே மறுபடி தொடங்குவது. அந்த அரை மணியில் கிளைச் செயலாளர்கள் ஸ்டால்களுக்கு இடையே ஓடி ஆள் திரட்டுவதைக் காண்பவர்கள், அத்தனை பயிற்சியும் எதற்கென்று அப்போது புரிந்துகொள்வார்கள்.

இதுவரை கருதுகோளுக்குச் சாதகமான சான்றுகளையே கண்டோம். எதிர்ச் சான்று ஒன்றையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. எல்லாரும் வந்துவிட்டால் ஊர் என்ன ஆகும்? இது வேடிக்கைக் கேள்வி அல்ல. சிறிய ஊரில் மயக்க மருந்து நிபுணர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் கிளம்பினால் எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் விளக்கு எரியாது. நள்ளிரவில் சிசேரியன் என்றால் ஆம்புலன்ஸ் அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். ஆகையால் கைதேர்ந்த செயலாளர் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார். ஒன்று மாநிலத் தலைமைக்கு அனுப்புவது. வருவோர் பட்டியல், பாதி கற்பனை. மற்றொன்று அவர் சட்டைப்பையில் இருப்பது. அந்த இரண்டு நாளும் ஊரில் இருந்தே ஆக வேண்டியவர்கள், துறைவாரியாக, போன் எண்ணோடு. முதல் பட்டியலில் பெயர் சேர்க்க எத்தனை பாடோ, இரண்டாவதில் சேர்க்க அதைவிட அதிகப் பாடு. மாநாட்டுக்கு வர முடியாது என்று ஒரு மாதமாகச் சொல்லிவந்தவர், “அப்படின்னா நீங்க ஊர்ல இருந்து எமர்ஜென்சி பாத்துக்குங்க சார்” என்று கேட்ட மாத்திரத்தில் மாநாட்டுக்குப் பெட்டி கட்டத் தொடங்குகிறார். பேருந்தை நிரப்ப இதைவிடச் சிறந்த உத்தியை எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத் தரவில்லை.

இந்த உத்தியை அளவுக்கு மீறிப் பயன்படுத்திய நேர்வு ஒன்று ஆய்வின்போது கிடைத்தது. அந்தக் கிளைச் செயலாளர் மயக்க மருந்து நிபுணர். ஊரில் இருக்கச் சொல்லிக் கேட்கக் கேட்க ஒவ்வொருவராகப் பேருந்தில் ஏறினார்கள். கிளையின் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பேருந்து நிரம்பியது. சட்டைப்பைப் பட்டியலில் மிஞ்சியது அவர் பெயர் மட்டுமே. அதிக வருகைக்கான கேடயத்தை உபதலைவர் வாங்கிக்கொண்டார். செயலாளருக்கு உரிய மாநாட்டுப் பை திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பேனா, குறிப்பேடு, கருத்துக் கேட்புப் படிவம். உணவு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, மனைவி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்க, ‘மிக நன்று’ என்று நிரப்பி அன்றே அனுப்பிவைத்தார்.