ஏழடிக் கூடாரத்துக்கு மானியம் கோரி

அனுப்புநர்: ஒரு பழைய ஸ்ப்ளெண்டர், அதன் கேரியரில் கட்டிய ஒரு கூடாரம், கூடவே நான். நாகர்கோவில்.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், சுற்றுலாத் துறை, கேரள அரசு, பார்க் வியூ, திருவனந்தபுரம்.

பொருள்: பொழியூர் முதல் காப்பில் வரையுள்ள ஏறத்தாழ 78 கிலோமீட்டர் கடற்கரையில் ஏழடிக்கு நாலடி இடம், இரவுக்கு மட்டும், வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

தங்கள் துறையின் விளம்பரப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாய்ந்த தென்னை ஒன்று, கரையேறிய வள்ளம் ஒன்று, அந்தி வெயில், ஈ காக்கை இல்லாத மணல். அந்த மணலைத் தேடித்தான் வண்டியைக் கிளப்பினேன். தூத்தூர், நீரோடி தாண்டினால் பொழியூர். கடைப் பலகையின் எழுத்து மாறும், மீன்குழம்பு மாறாது.

இடம் கேட்கிறவன் முதலில் உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். ‘கடவுளின் சொந்த நாடு’ என்று ஒரு விளம்பர நிறுவனம் தங்களுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது 1989-ல். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அது பழைய செய்தி. 1750 ஜனவரியிலேயே மார்த்தாண்ட வர்மா ராஜ்ஜியம் முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் காரியஸ்தராக இருந்து ஆண்டார். 1956 நவம்பர் 1 வரை எங்கள் நாகர்கோவிலும் அதே சொத்தில் அடக்கம். ஆகவே என்னை வெளியூர்க்காரன் என்று தள்ளாமல், பாகம் பிரிந்துபோன பங்காளி என்று கருதி இந்த மனுவைப் படிக்க வேண்டுகிறேன்.

ஆனால் உரிமையாளரின் நிலைமையே சுகமில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டுக்காக அவர் சங்குமுகம் கடலுக்குப் போக வேண்டும். வழியில் விமான நிலையம். விமானிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி, ஓடுபாதை வழியாக ஊர்வலம் போகிறது. கடலில் நீராடியதும் அன்றிரவே கோயிலுக்குத் திரும்பிவிடுகிறார். சொந்தக்காரரே ராத்தங்காத கரையில் எனக்கு எப்படி இடம் என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

மானியத்துக்கு வருகிறேன். 2021-ல் வெளியான தங்கள் காரவான் கொள்கையை வரி விடாமல் படித்தேன். முதல் 100 காரவான்களுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. சக்கரத்தின் மேல் படுக்கை, குளிர்சாதனம், சமையல் மேடை, கழிப்பறை. அவை நிற்பதற்கு ஒரு பூங்கா வேண்டும். அதற்குக் குறைந்தது 50 சென்ட் நிலம் வேண்டும். என் கூடாரத்தின் விலை 3,000 ரூபாய். 15 சதவீதம் என்றால் 450. பேரம் பேசுகிற குணம் எனக்கு இல்லை, 450 போதும். நிலத்தையும் கணக்குப் போட்டேன். 50 சென்ட்டில் என் அளவுக் கூடாரம் 777 அடிக்கலாம், யாரும் வெளியே காலை நீட்டாமல் இருந்தால்.

வரவேற்பது எப்படி என்று கொள்கை சொல்கிறது. வழியனுப்புவது எப்படி என்று இன்னொரு திட்டம் சொல்கிறது. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருக்கிற மீனவக் குடும்பங்களை அப்பால் கொண்டுபோய்க் குடியமர்த்தும் ‘புனர்கேஹம்’ திட்டத்தில், மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ள ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம். விருந்தாளி படுக்கையோடு வருவதற்கு ஏழரை. தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவன் படுக்கையைச் சுருட்டுவதற்குப் பத்து. போகிறவனுக்கு இரண்டரை லட்சம் கூடுதல் என்பதில் அரசின் தாராளம் தெரிகிறது. அது மீன்வளத் துறையின் திட்டம், நமக்குச் சம்பந்தமில்லை என்று தாங்கள் சொல்லலாம். வலியதுறையில் வரிசை வரிசையாக வீடுகளை எடுத்துக்கொண்ட கடல் எந்தத் துறையிடம் கையெழுத்து வாங்கிற்று? வீடு போனவர்கள் சிமெண்ட் கிடங்கில் வருடக்கணக்கில் இருந்தார்கள். துணியால் தடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று. தங்கள் மாவட்டத்தில் கூடார வாழ்க்கையை வருடக்கணக்கில் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்தான். கூடாரச் சுற்றுலாவுக்குத் தாங்கள் என்றைக்காவது விருது அறிவித்தால், ஒற்றை ராத்திரிக்காரனான நான் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

இனி, நான் கண்ட காலி இடங்களின் விவரம்.

பொழியூரில் அருமையான மணல்வெளி ஒன்று கண்ணில் பட்டது. ஆணியை எடுத்த பிறகுதான் தெரிந்தது, அது கோல் போஸ்டுக்கு முன்னால் இருக்கிற இடம். சந்தோஷ் டிராபிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிற ஊர் அது. அங்கே காலி மணல் என்று ஒன்று கிடையாது, ஆட்டம் இன்னும் தொடங்காத மணல்தான் உண்டு. விழிஞ்ஞத்தில் நிறுத்த இடம் உண்டு, அளவுதான் ஒத்துவரவில்லை. 2025 மே 2 அன்று முறைப்படி திறந்த துறைமுகத்தில், அடுத்த மாதம் 9-ம் தேதி எம்எஸ்சி ஐரினா வந்து நின்றது. 400 மீட்டர் நீளம், இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 கொள்ளளவு. என் வண்டியின் நீளம் இரண்டு மீட்டர். கோவளம் எனக்குக் கட்டுப்படியாகாது, அதைத் தாண்டிவிட்டேன்.

தும்பாவில் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்பியது. காந்த நடுக்கோடு தலைக்கு மேல் போகிறது என்பதற்காக ஊர்க்காரர்கள் இடத்தைக் கொடுத்தார்கள், மேரி மகதலேனா தேவாலயத்தையும் கொடுத்தார்கள். ராக்கெட்டின் பாகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புகைப்படத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். இதே கரையில் இரண்டு சக்கர வண்டியில் அத்தனை பெரிய சாமான் போனபோது மறித்தவர் இல்லை. என் கூடாரப் பையைப் பார்த்ததும் ‘இதில் என்ன?’ என்று கேட்காதவர் இல்லை.

தனியாக வருகிறவனின் சங்கடம் தங்கள் கையேடுகளில் இல்லை. இருட்டில் டார்ச் அடிப்பவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஒற்றைக்காணோ?” ஒற்றைக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை இந்தக் கரையில் மூன்று விதமாகத்தான் சந்தேகப்படுவார்கள். காதல் தோல்வி, கடன் தொல்லை, இல்லையென்றால் சினிமாக்காரன். நான் நிலா பார்க்க வந்தேன் என்றால் முதல் இரண்டும் உறுதியாகிவிடும். அதனால் லொக்கேஷன் பார்க்க வந்தேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். மற்றபடி நான் காணாமல் போய்விடுவேன் என்ற கவலை அரசுக்கு வேண்டாம். 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதித்துவரும் 726 செயற்கை நுண்ணறிவு கேமராக்களில் ஏதாவது ஒன்று என் ஹெல்மெட்டைப் பார்த்திருக்கும்.

முதலப்பொழிப் பாலத்தில் வண்டியை ஓரம்கட்டி வெகுநேரம் நின்றேன். தெற்கே பெருமாதுறைப் பக்கம் மணல் குவிந்து கிடக்கிறது. வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்குப் பக்கம் வீடுகளின் அடிவாரம் கரைகிறது. நடுவில் அலைத்தடுப்புச் சுவர்கள். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு, வள்ளம் கவிழ்ந்து செத்தவர்கள் பல பத்துப் பேர். இயற்கைக் காட்சி என்ற வகையில் அந்த இடத்துக்குக் குறையே சொல்ல முடியாது. பாலத்தின் மேல் செல்ஃபி எடுப்பவர்களும், வள்ளம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களும் ஒரே கைப்பிடிச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறார்கள்.

அஞ்சுதெங்குக் கோட்டைக்கு வந்ததும் இந்த ஊர் வெளியாட்களுக்கு இடம் கொடுக்க ஏன் யோசிக்கிறது என்பது விளங்கிற்று. 1684-ல் ஆற்றிங்கல் ராணியிடம் ஆங்கிலக் கம்பெனிக்காரன் கேட்டதும் கரையோரம் கொஞ்சம் இடம்தான். மிளகு வாங்குவானாம், போய்விடுவானாம். 1690-களில் கோட்டை எழும்பிவிட்டது. 1721-ல் பரிசுப் பொருளோடு ஆற்றிங்கலுக்குப் போன கம்பெனி ஆட்கள் சுமார் 140 பேரை ஊர் உயிரோடு திருப்பி அனுப்பவில்லை. அப்படியும் கம்பெனி போகவில்லை. ஆகவே இதை உறுதிமொழியாகவே எழுதித் தருகிறேன்: என் கூடாரம் நைலான் துணி. மிளகு வியாபாரம் எனக்குத் தெரியாது. விடிந்ததும் மடித்துவிடுவேன்.

அனுமதி கேட்காமல் தங்கியவர்களும் உண்டு. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கிளம்பிய கப்பல். அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் தெற்கே மிதந்து வந்து தங்கள் மாவட்டக் கரையெங்கும் மூட்டை மூட்டையாக முகாம் போட்டன. அவற்றை யாரும் ‘ஒற்றைக்காணோ’ என்று கேட்டிருக்க முடியாது. தன்னார்வலர்கள் குனிந்து, அள்ளி, சலித்து எடுத்தார்கள்.

கடைசியில் எனக்கு இடம் கொடுத்தவர் அரசு இல்லை. இன்ன ஊர் என்று சொல்லமாட்டேன், நாளை தாங்கள் போய்ப் பெயர்ப்பலகை வைத்துவிடுவீர்கள். வலைக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கரைமடி வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் வண்டியையும் பையையும் பார்த்துவிட்டு, “மக்ளே, அங்ஙன கெடக்காத, ராத்திரி கடல் கேறும்” என்றார். வைகாசிக்கு முந்தைய வாரங்களில் காற்றும் மழையும் இல்லாமலே கள்ளக்கடல் வரும். எங்கோ தென்கோடியில் அடித்த புயலின் அலை இங்கே வந்து வாசல்படி ஏறும். ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அதற்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பெரியவர் மணலைக் காலால் கிளறிப் பார்த்துச் சொன்னார். மணலில் ஆணி நிற்காது, சாக்கில் மண்ணை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டு என்பதும், சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஓடு வை என்பதும் அவர் சொன்ன பாடம்தான். மரச்சீனியும் மீனும் வந்தன. காசு கொடுக்கப் போனதற்கு ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஆளில்லாத மணலின் உண்மை அன்று விடிகாலையில் தெரிந்தது. மூன்று மணிக்கே டார்ச் வெளிச்சம், ஆட்டோ, ஐஸ் பெட்டி. கூடாரத்தின் இரண்டு பக்கமும் பேச்சு. வள்ளம் கரையேறும் நேரம், நான் படுத்திருந்தது ஏலம் நடக்கிற இடத்தின் வாசலில். அலுமினியச் சட்டியோடு பெண்கள் வந்து குந்தினார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு கழிப்பறை இல்லை, ஒரு குழாய் இல்லை, உட்காரத் திண்ணை இல்லை. ஏலம் முடிந்து, சட்டியைத் தலையில் ஏற்றி, அவர்கள் நகரத்துக்குள் போன பிறகு மணல் காலியாகிறது. தங்கள் புகைப்படக்காரர் வருவது அதற்குப் பிறகு என்று நினைக்கிறேன்.

காரவானில் கழிப்பறை உண்டு. அதற்கு மானியமும் உண்டு. எனவே என் 450 ரூபாய்க் கோரிக்கையை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். 2019-ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, தற்காலிகச் சுற்றுலா வசதி என்ற பெயரில் கழிப்பறை, உடைமாற்றும் அறை, குடிநீர் எல்லாவற்றையும் கடற்கரையில் அனுமதிக்கிறது. சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது, நிதி ஒதுக்கும் பழக்கமும் இருக்கிறது. பொழியூரிலிருந்து காப்பில் வரை மீன் இறங்கும் ஒவ்வொரு கரையிலும், சுற்றுலாப் பயணியின் பெயரைச் சொல்லியே, கதவு தாழிடுகிற ஒரு கழிப்பறையும் தண்ணீர் வருகிற ஒரு குழாயும் கட்டுங்கள். சாவியை மீன் விற்கும் பெண்களிடம் கொடுங்கள். கூடாரக்காரன் எவனாவது வந்தால் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வான்.

இப்படிக்கு,
தங்கள் கடற்கரையில் ஒற்றைக்கு வந்து போனவன்.