ஆணிக்கு மேலே கொஞ்சம் வெள்ளிக்காசு

அமெரிக்க பேங்க்காரர்கள் பதறுவதை இப்போது பார்க்கணுமே! யாரோ ஒரு கம்பெனி, "என் காயின் ஒன்று, டாலர் ஒன்றுக்குச் சமம்" என்று சொல்லி, ஸ்டேபிள்காயின் என்ற பெயரில் இஷ்டத்துக்குப் பணம் வெளியிடுவதாம், பின்னால் நிஜ டாலர் இருக்கிறதா என்று யார் பார்ப்பதாம். ரொம்ப நியாயமான பயம். இந்தத் தொழிலை ஆரம்பித்து வைத்தவர்களே அவர்கள்தானே, உள்விவரம் தெரியாமலா இருக்கும்!

1837. மிச்சிகன் அப்போதுதான் மாநிலமாகியிருந்தது. ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் பேங்க் திறக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பேங்க்கும் தன் நோட்டைத் தானே அச்சடிக்கும். கொண்டுபோய் நீட்டினால் தங்கமோ வெள்ளியோ தரவேண்டும். அதற்காக, மூலதனத்தில் 30 சதவீதம் தங்கம், வெள்ளியாக இருக்கணும் என்பது நிபந்தனை. நிஜமாகவே இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க கமிஷனர்களையும் போட்டார்கள்.

கமிஷனர் ஒரு ஊரில் காசை எண்ணி முடித்து, சாப்பிட்டுக் கிளம்புவார். அவர் எண்ணிய அதே காசு காட்டுவழியாக முன்னாலேயே ஓடிப்போய், அடுத்த ஊர் பேங்க்கில் அவருக்காகக் காத்திருக்கும். பக்கத்து வீட்டு நகையை இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவோமே, அதேதான். இங்கே ஒரே சங்கிலி ஊரிலுள்ள எல்லாக் கழுத்திலும் தொங்கியது.

அந்த அலைச்சல்கூட வேண்டாம் என்று நினைத்த சோம்பேறிகளும் உண்டு. பெட்டி நிறைய ஆணியும் கண்ணாடித் துண்டும் கொட்டி, மேலே மட்டும் வெள்ளிக்காசைப் பரப்பிவிட்டார்கள். ஆல்ஃபியஸ் ஃபெல்ச் என்ற கமிஷனர் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்து, பின்னாளில் எழுதியும் வைத்தார். இத்தனை பொய்க்கணக்கைப் பார்த்த மனுஷர் சில வருஷத்தில் என்ன ஆனார் தெரியுமா? மாநில கவர்னர்!

மிச்சிகன் ஏரிக்கரையில் சிங்கப்பூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஆமாம் சார், சிங்கப்பூரேதான்! அங்கேயும் ஒரு பேங்க், அதற்கும் சொந்த நோட்டு. பிற்பாடு அந்த ஊரே மணல்மேட்டுக்குள் புதைந்துபோனது. பேங்க் மட்டும் அதுவரை காத்திருக்கவில்லை, பல வருஷம் முந்திக்கொண்டது.

கடைக்காரர்கள் பாவம், எந்த பேங்க் நோட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று அச்சடித்த பட்டியலைக் கல்லாவில் வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணினார்கள். கடைசியில் 1865-ல் இந்த நோட்டுகள்மேல் அரசாங்கம் 10 சதவீத வரி போட்டது. பல வருஷம் சாமி சத்தியத்துக்கு அசையாதவர்கள் வரிக்கு அசைந்தார்கள்.

சரி, 2014-ல் வந்த டாலர் காயினுக்கு வருவோம். டெதர். தொடங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட்டில் குழந்தை நட்சத்திரமாக இருந்த பிராக் பியர்ஸ். பிற்பாடு நிதியைப் பார்த்துக்கொண்ட ஜியன்கார்லோ தேவாசினி, முன்னாள் பிளாஸ்டிக் சர்ஜன். ஒருத்தருக்கு நடிப்பு தெரியும், இன்னொருத்தருக்கு மூக்கைச் சரிசெய்யத் தெரியும். உலகத்துக்கே பணம் அச்சடிக்க வேறென்ன தகுதி வேண்டும்?

2017 செப்டம்பர் 15. டெதரின் கையிருப்பைச் சரிபார்க்க ஆடிட் கம்பெனி ஒன்று வருகிறது. அன்று காலை, சகோதர நிறுவனமான பிட்ஃபினெக்ஸிலிருந்து 38 கோடியே 20 லட்சம் டாலர் டெதர் கணக்குக்கு வந்து இறங்குகிறது. ஃபெல்ச் உயிரோடு இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். குதிரைகூடத் தேவைப்படவில்லை! நியூயார்க் அட்டர்னி ஜெனரல் இதையெல்லாம் தோண்டி எடுத்து, 2021-ல் 1 கோடியே 85 லட்சம் டாலர் கட்டவைத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே கட்டினார்கள். அதுவும் ஒரு கலை.

"நாங்கள் அப்படியில்லை, ஒழுக்கமானவர்கள்" என்று நின்றது சர்க்கிள் கம்பெனி. அதன் யுஎஸ்டிசி காயினுக்குப் பின்னால் நிஜமாகவே டாலர் இருந்தது. அதில் 330 கோடியை சிலிகான் வேலி பேங்க்கில் போட்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் அந்த பேங்க் திவாலாக, காயின் 88 சென்ட்டுக்கும் கீழே சரிந்தது. பேங்க்கே வேண்டாம் என்று பிறந்த கிரிப்டோவை ஒரு பேங்க் கவிழ்த்தது. அரசாங்கமே வேண்டாம் என்று பிறந்ததை அரசாங்கம் வந்து காப்பாற்றியது.

இத்தனைக்கும் பிறகுதான் 2025 ஜூலையில் அமெரிக்காவில் இந்தக் காயின்களுக்குச் சட்டம் வந்தது. அதற்கு 'ஜீனியஸ்' என்று தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். என்ன அடக்கம்! ஒவ்வொரு காயினுக்கும் ரொக்கமோ, குறுகிய கால அரசுக் கடன் பத்திரமோ ஈடாக இருக்கணும், மாதாமாதம் கணக்குக் காட்டணும். விளைவு? அரசாங்கத்தின் பிடியிலிருந்து தப்பிக்கப் பிறந்த கிரிப்டோ, இன்று அந்த அரசாங்கத்துக்கே ஆயிரக்கணக்கான கோடி டாலர் கடன் கொடுக்கும் சேட்டு.

சட்டத்தில் பேங்க்குகளும் ஒன்றைச் சாதித்துக்கொண்டன. காயின் வெளியிடுகிறவர் வட்டி கொடுக்கக்கூடாது. ஏன்? டெபாசிட்டெல்லாம் காயினுக்கு ஓடிவிட்டால் சின்ன ஊர் கடைக்காரருக்கும் விவசாயிக்கும் யார் கடன் கொடுப்பது என்கிறார்கள். வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. டெபாசிட்டைக் கட்டிப்போட இன்னொரு வழியும் இருக்கிறது: நல்ல வட்டி கொடுப்பது. அந்த விபரீத யோசனையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதற்குள் எக்ஸ்சேஞ்ச்காரர்கள், "இது வட்டி இல்லைங்க, ரிவார்டு" என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். இப்போது சண்டை அந்தக் கதவு வாசலில்.

ஐரோப்பாவில் இதைவிட வேடிக்கை. பெரிய காயின் என்றால் கையிருப்பில் பெரும்பகுதியை பேங்க்கில் போடு என்கிறது அங்கத்திய சட்டம். பேங்க்கில் போட்டால் ஆபத்தாச்சே என்று மறுத்துவிட்டது டெதர். சொன்னது யார் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

ஜேபி மார்கன் தலைவர் ஜேமி டைமனை விட்டுவிட முடியாது. பிட்காயின் ஒரு மோசடி, எங்கள் ஆள் எவனாவது அதில் டிரேட் செய்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று 2017-ல் கர்ஜித்தவர். 2019-ல் அதே பேங்க் ஜேபிஎம் காயின் என்று ஒன்றை அறிவித்தது. 2025 ஜூலையில், ஸ்டேபிள்காயின் எதற்கு வேண்டும் என்று தனக்கே புரியவில்லை என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் நாங்களும் இறங்குகிறோம் என்றார். கிழிப்பதாகச் சொன்ன சீட்டு பத்திரமாகத்தான் இருக்கிறது, அதில் அவரேதான் உட்கார்ந்திருக்கிறார்.