தாத்தாவை ஏழையாக்கிய கணக்கு

1985 மார்ச் 16-ஆம் தேதிக்கு முன்னால் இந்த நாட்டில் சொத்துள்ளவர் சாவது செலவு பிடிக்கிற காரியம். அன்றிலிருந்து இலவசம். எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று இருந்ததே இன்று பலருக்கு நினைவில்லை. 1953-இல் சட்டமாகி, முப்பது வருடத்துக்கு மேல் இழவு வீட்டு வாசலில் நின்ற வரி அது. 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 85 சதவீதம் வரை போனது. கேட்டால் பகல் கொள்ளை என்று தோன்றும். ஆனால் வி.பி.சிங் பட்ஜெட்டில் அதை ரத்து செய்தபோது சொன்ன காரணம், வருமானமே சுமார் 20 கோடிதான், அதைப் பார்த்தால் வசூலிக்கிற செலவு அதிகம் என்பது. 85 சதவீதம் வரி போட்ட தேசத்தில் மொத்த வசூல் 20 கோடி. பணக்காரர்கள் யாரும் இந்தியாவில் சாகவேயில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவர் செத்தார். அவர் எப்படி ஏழையானார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

தாத்தா 1974-இல் காலமானார். புரசைவாக்கத்தில் ஒன்றரை கிரவுண்டில் சொந்த சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, கொஞ்சம் பங்குப் பத்திரம், நகை, வீடு நிறைய சாமான். முறையாக உயில் எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பை அப்பா தலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணத்து வீடென்றால் உயிலுக்கு ஹைகோர்ட்டில் புரொபேட் வாங்கியாக வேண்டும். எஸ்டேட் டியூட்டி கன்ட்ரோலர் சான்றிதழ் தராமல் கோர்ட் புரொபேட் தராது. செத்தவர் விட்டுப்போனதையெல்லாம் பட்டியல் போட்டு விலை எழுதிக் கொடுக்காமல் கன்ட்ரோலர் சான்றிதழ் தர மாட்டார். கெடு ஆறு மாதம். அப்பா ஒரு ஃபுல்ஸ்கேப் நோட்டு வாங்கி வந்தார். எழுதுவது அவர், ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவது, கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்த நான்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வந்த ஆடிட்டர், வெற்றிலை போட்டுக்கொண்டே சட்டத்தை விளக்கினார். இறந்த அன்றைக்குத் திறந்த சந்தையில் விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் மதிப்பு. மொத்தம் 50,000 ரூபாய் வரை வரி கிடையாது. குடியிருந்த வீடு 1 லட்சம் வரை விலக்கு. வீட்டுச் சாமான் 2,500 வரை விலக்கு. உடுத்திய துணிக்கு வரியில்லை, விற்பதற்கல்லாத புத்தகத்துக்கும் இல்லை. இறுதிச் சடங்குச் செலவு 1,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம்.

"ஆயிரமா? இன்னிக்கு சமையல்காரருக்கே அதுல பாதி போயிடுச்சே" என்றார் அப்பா.

"அதிகமா செலவு பண்ணச் சொல்லி சர்க்கார் கேக்கலையே" என்றார் ஆடிட்டர், மோர்க்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

சித்தப்பாவுக்கு வேறொரு ஆதங்கம். பத்தாயிரம் பேருக்கு மேல் இல்லாத ஊரிலிருக்கும் வீடென்றால் வரம்பே இல்லை, முழு மதிப்புக்கும் விலக்கு உண்டாம். "கிராமத்திலேயே கட்டியிருக்கலாம், யார் கேட்டா" என்று தாத்தா படத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டு மாடியில் வாடகையில்லாமல் குடியிருந்தவர் அவர்.

திறந்த சந்தை என்றால் எந்தச் சந்தை? புரசைவாக்கத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்தான் இருந்தது. அங்கே பழைய சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பர்மா தேக்கு பீரோவின் கதவை மட்டும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். ஊஞ்சல் பலகையின் அடியில் குனிந்து, இரண்டு தட்டு தட்டினார். கிராமபோனின் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, இத்தனை வருடத்தில் மதிப்பீடு பற்றி நான் கேட்டதிலேயே அறிவார்ந்த கேள்வியைக் கேட்டார்: "சார், நான் வாங்குற விலை சொல்லட்டுமா, விக்கிற விலை சொல்லட்டுமா?"

"மொத்தம் ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குள்ள வரணும்" என்றார் அப்பா.

"அப்போ வாங்குற விலை."

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. பீரோவில் செல் அரித்திருக்கலாம். கிராமபோன் காலம் போய்விட்டது. சுவர்க்கடிகாரம் ஓடுகிறதா? ஓடுகிறது, ஆனால் எத்தனை நாளைக்கு? ஊஞ்சலுக்குச் சங்கிலி பித்தளைதான், ஆனால் தேய்ந்த பித்தளை, அறுபது ரூபாய். அண்டா, குண்டான், கொப்பரை எல்லாம் கிலோ கணக்கில் பழைய பாத்திரமாகப் போட்டார். கடைசியில் கடையின் பெயர் அச்சடித்த தாளில் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டிப் பார்த்தால் 2,380. அப்பாவின் முகம் மலர்ந்தது. பாய் தாளை நீட்டிவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "சார், இந்த விலைக்கே கொடுக்கறதா இருந்தா நாளைக்கே வண்டியோட வந்து எல்லாத்தையும் எடுத்துக்கறேன். ரொக்கம்."

அப்பா அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். வாசல் கதவை உள்பக்கம் தாழும் போட்டார்.

நகை விஷயத்தில் குடும்பமே ஒற்றுமையாக இருந்தது. தாத்தா போன மறுநாளே எல்லாத் தங்கமும் பாட்டியின் ஸ்ரீதனமாகிவிட்டது. மனைவியின் சொந்த நகை புருஷன் கணக்கில் வராது. அத்தனை வருட தாம்பத்தியத்தில் தாத்தா ஒரு குந்துமணி தங்கம்கூட வாங்கித் தரவில்லை, எல்லாம் பிறந்த வீட்டுச் சீர் என்று பாட்டி சொல்ல வேண்டியதாயிற்று. "அந்தக் கெம்பு அட்டிகை அவர் வாங்கித் தந்ததுடா" என்றாள் ஒருமுறை. "உஷ்" என்றார் அப்பா. மிஞ்சியது தாத்தாவின் மோதிரம், கடுக்கன், அரைஞாண். பவுன் 400 ரூபாயை ஒட்டி விற்ற காலம். பத்தர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, அழுக்கு இவ்வளவு, ஒட்டுப்பொடி இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போனதில் அரைஞாண் கிட்டத்தட்ட கயிறாகிவிட்டது. ஒரு வம்பு மட்டும் தப்பவில்லை. சாவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் கொடுத்த அன்பளிப்பும் செத்தவர் சொத்தில் சேரும். சதாபிஷேகத்தன்று மருமகள்களுக்குத் தாத்தா ஆளுக்கு ஒரு ஜோடி வளையல் போட்டிருந்தார். அவையும் நோட்டில் ஏறின. மாமனார் ஆசையாகப் போட்ட வளையலுக்குச் சேதாரம் கழித்து விலை எழுதியதை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

வீட்டை வர்ணித்தது அப்பாவே. கற்பனை வளம் அவருக்கு உண்டென்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. மேற்குச் சுவரில் நெடுக விரிசல். மாடியறை மழைக்காலத்தில் ஒழுகும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அடுத்த மனையில் மரவாடி, ஓயாத ரம்பச் சத்தம், தீப்பிடிக்கும் அபாயம். மதிப்பு 96,000. அதே மாதம் அத்தை மகளுக்கு வரன் பேச வந்தவர்களிடம், "ஒண்ணே முக்கால் லட்சத்துக்குக் கேட்டாங்க, வாய்ப்பேச்சுக்குக்கூட சரின்னு சொல்லலை" என்று அதே கூடத்தில் உட்கார்ந்து அப்பா சொன்னார். இரண்டுமே அவர் வாயில் உண்மை போலத்தான் ஒலித்தது.

இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்த்தார். காபி குடித்தார், விரிசலைக் காட்டச் சொன்னார், காட்டினோம். ஏதோ கொஞ்சம் வரி கட்டினோம். புரொபேட் வந்தது. 1985 மார்ச்சில் எஸ்டேட் டியூட்டி போயிற்று. மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோயிற்று. வரியும் இல்லை, அந்த வரிக்கு விலை சொன்ன சந்தையும் இல்லை. அப்பா நிம்மதியாக இருந்தார். "உயில் எழுதி புரொபேட் வாங்கி நான் பட்டது போதும்" என்று தனக்கென்று உயிலே எழுதவில்லை.

அவர் 2024 தொடக்கத்தில் போனார். அம்மா முன்பே போய்விட்டாள். அக்கா, நான், தம்பி. இ-சேவையில் விண்ணப்பித்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். ஒரு பைசா வரியில்லை. ஒரு கரண்டிக்குக்கூட யாரும் கணக்குக் கேட்கவில்லை. அக்கா மருமகன் லண்டன் ஹாரோவிலிருந்து ஃபோனில் ஆச்சரியப்பட்டார். அங்கே 3,25,000 பவுண்டுக்கு மேல் போனால் 40 சதவீதமாம். சோபா, சாப்பாட்டு மேசை வரைக்கும் சந்தை விலை போட வேண்டுமாம். நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அந்த ஏப்ரலில்தான் அமெரிக்காவின் வாரிசு வரியைப் பற்றி காங்கிரஸின் சாம் பிட்ரோடா ஏதோ சொல்லப்போக, தேர்தல் மேடைகளெல்லாம் அதே பேச்சாக இருந்தது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "செத்தவன் சொத்துக்கு விலை போட இவங்க யாரு?" என்று தம்பி கொதித்தான். கொதித்துவிட்டு, அடுத்த மூச்சில், "அந்த ஊஞ்சல் ஒண்ணரை லட்சம் பெறும், அதை அக்கா பங்குல கழிச்சுக்கணும்" என்றான்.

ஆரம்பித்துவிட்டது. சர்க்காருக்கு முன்னால் 2,380 ரூபாயாக இருந்த சாமான்கள், எங்களுக்கு முன்னால் லட்சக்கணக்கில் ஏறின. அக்கா பெண் பெங்களூரிலிருந்து ஃபோனில் தேடித் தேடி விலை அனுப்பினாள்; காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் இதே மாதிரி ஊஞ்சல் என்ன விலை, கிராமபோன் என்ன விலை என்று. ஆனால் அந்த விலைகள் எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரி பொருந்தவில்லை. நான் எடுத்துக்கொள்வது பழசு. நீ எடுத்துக்கொள்வது புராதனம். தம்பி கேட்ட பீரோ, அக்காவின் கணக்கில் இனிமேல் எங்குமே கிடைக்காத பர்மா தேக்கு; தம்பியின் கணக்கில் செல் அரித்த பலகை. நான் ஆசைப்பட்ட சுவர்க்கடிகாரத்தை இருவரும் சேர்ந்து அருங்காட்சியகப் பொருளாக்கினார்கள். புத்தகங்களை மட்டும் யாரும் மதிப்பிடவில்லை. அவற்றுக்கு அன்றும் இன்றும் விலக்கு.

நகைக்கு உரைகல் வேண்டியிருக்கவில்லை. கடையில் ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். திரையில் சதவீதம் வந்தது. பவுன் 50,000-ஐத் தாண்டிவிட்ட நேரம். பாட்டியின் கெம்பு அட்டிகை வெளியே வந்தபோது, அது யார் வாங்கித் தந்தது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. "தாத்தா பாட்டிக்கு ஆசையா வாங்கித் தந்தது" என்று மூவருமே சொன்னோம். சொன்னால் மதிப்புக் கூடும்.

வீட்டைப் பங்கு போட முடியாது, விற்கத்தான் வேண்டும் என்றானதும் ஆடிட்டரிடம் போனோம். பழைய ஆடிட்டரின் மகன். வீட்டில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. அந்த லாபத்தைக் கணக்கிட 2001 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன பெற்றது என்று மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும் என்றார். அந்த மதிப்பு எவ்வளவு அதிகமோ, லாபம் அவ்வளவு குறைவு, வரியும் குறைவு. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அதே வீடு, அதே குடும்பம். இந்த முறை அது கோட்டையாக இருந்தால்தான் லாபம்.

மதிப்பீட்டாளர் உற்சாகமான மனிதர். நகரின் இதயப் பகுதி; மெட்ராஸ் டெரஸ் கூரை; தேக்கு உத்தரங்கள்; தித்திக்கும் கிணற்று நீர். மெட்ரோ ரயில் வசதியையும் சேர்க்கப் போனார்; 2001-இல் மெட்ரோ ஏது என்று ஆடிட்டர் அடித்துவிட்டார். ஆனாலும் ஒரு உச்சவரம்பு குறுக்கே வந்தது. அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போட முடியாதாம், 2020-இல் வந்த திருத்தம். பத்திரப் பதிவுக்குப் போகிறபோதெல்லாம் வழிகாட்டி மதிப்பை இப்படி ஏற்றி வைத்திருக்கிறார்களே என்று சபிக்காத ஆள் சென்னையில் இல்லை. எங்கள் குடும்பம் முதல்முறையாக, இப்படிக் குறைத்து வைத்துவிட்டார்களே என்று சபித்தது.

பழைய ஆதாரம் ஏதாவது உண்டா என்று மதிப்பீட்டாளர் கேட்டதால் பரணைக் குடைந்தோம். அப்பாவின் ஃபுல்ஸ்கேப் நோட்டு கிடைத்தது. விரிசல், ஒழுகல், உப்புத் தண்ணீர், மரவாடி எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில். மதிப்பீட்டாளர் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி என் கையில் கொடுத்தார். "இது யார் கண்ணுலயும் பட வேண்டாம் சார்."

ஆனால் அக்கா கண்ணில் பட்டது. அவள் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பாயின் தாள் மடித்தபடியே உள்ளே இருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு ஃபோனை எடுத்து ஏதோ தட்டினாள். தம்பியின் ஃபோன் கூவியது. ஜிபேயில் 60 ரூபாய். குறிப்பில் 'ஊஞ்சல், முழுத் தொகை' என்று இருந்தது.

"அப்பாவே போட்ட விலை" என்றாள் அக்கா. "கடைக்காரர் கையெழுத்தோட இருக்கு."

தம்பி ஆடிட்டருக்கு ஃபோன் போட்டான், ஊஞ்சலுக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பு வாங்க முடியுமா என்று கேட்க.