ஓசிப் பட்டணம்

பைசா செலவில்லாமல் சென்னையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பும் யூடியூப் தம்பிகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையில் விலை உயர்ந்த போன், தோளில் பவர்பேங்க், படமெடுக்கக் கூடவே ஒரு நண்பன், அந்த நண்பனின் பையில் ஏ.டி.எம். கார்டு. மெரினாவில் சூரியன் உதிப்பதைக் காட்டிவிட்டு, "இதுக்கு எவ்ளோ ஆச்சு தெரியுமா? ஜீரோ!" என்று பல்லைக் காட்டுகிறான். சூரியனுக்கு இன்னும் டெண்டர் விடவில்லை, தம்பி. அதுவரை சிரித்துக்கொள்.

நிஜமாகவே பாக்கெட் காலியானவன் தென்மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தால், சென்னைக்கு வந்ததாக நினைத்துக் கிளாம்பாக்கத்தில் இறங்குவான். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பேருந்து நிலையம். கோயம்பேட்டில் இறங்கி மூட்டையைத் தலையில் வைத்து நடந்துபோய்விட முடிந்தவனை, ஊரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடுகிறார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை. திறப்பு விழாவுக்கு ரயில் நிலையம் மட்டும்தான் வந்து சேரவில்லை. ஆட்டோ? 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். மீட்டர் போடச் சொல்லிப் பாருங்கள். "ஊருக்குப் புச்சா சார்?" என்பார். விசாரிப்பு மட்டும் இலவசம்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் டிக்கெட் இல்லை. நல்ல காரியம். அதைத்தான் 2022இல் ஓர் அமைச்சர் மைக்கைப் பிடித்து, "ஓசி" என்றார். அந்த ஓசிப் பேருந்தில் விடியற்காலையில் ஏறுகிறவர்கள் யார்? கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்த வீட்டை இடித்து, இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்கள். முன்பு நடந்துபோய்ப் பாத்திரம் தேய்த்த அதே வீட்டுக்கு இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். வீட்டையும் பிடுங்கிக்கொண்டு, வந்துபோக ஒரு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அதற்கும் நன்றி எதிர்பார்க்கிறது இந்த ஊர்.

சரி, வந்தவன் எங்காவது உட்காரவேண்டுமே. நிழற்குடையில் இருக்கை என்ற பெயரில் இரண்டு ஸ்டீல் குழாய்களைச் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது; படுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்காகத்தானே அந்தச் சாய்வு! தலைக்குமேல் நகைக்கடை விளம்பரத்துக்கு ராத்திரி முழுக்க விளக்கு எரியும். மேம்பாலத்துக்கு அடியில் ஒண்டலாம் என்று போனால் அங்கே கம்பி வேலி, வேலிக்குள் செடி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற லாரி. இந்த ஊரில் ஏழையாகப் பிறப்பதைவிடக் குரோட்டன்ஸாகப் பிறக்கலாம். கடற்கரை மணலும் இரவு பத்து மணிவரைதான். அப்புறம் போலீஸ் விசில்.

குடித்த தண்ணீர் கழிப்பறையில்தான் முடியும். வாசலில் "கட்டணம் இல்லை" என்று மாநகராட்சி போர்டு. போர்டின்மேல் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. "இல்லை" மட்டும் முருகன் படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கீழே ஸ்டூல், ஸ்டூல்மேல் சில்லறை டப்பா. காலண்டரைத் தூக்கிக் காட்டினேன். "போர்டு அவுங்களது சார், டப்பா என்னுது. அஞ்சு ரூபா" என்றார் அவர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டால் அவரும் காலண்டரைத்தான் பார்ப்பார்.

இதே ஊரில் ஒருவர் காரைக் கொண்டுவந்து நடைபாதையில் ஏற்றி, பூட்டிவிட்டுப் போய்விடுகிறார். நாலு பேர் படுக்கக்கூடிய இடம், நாள் முழுக்க, பல தெருக்களில் காலணா வாடகை கிடையாது. அதே இடத்தில் ஒரு அம்மா கூடையில் மல்லிகைப் பூவோடு உட்கார்ந்தால் அதன் பெயர் ஆக்கிரமிப்பு. தூக்கிப் போக லாரி வந்துவிடும். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையை அடைத்துக் கார்ப் பந்தயம் விட்டார்கள். சாலை நம்முடையது, வேடிக்கை பார்க்க டிக்கெட்டும் நாமே வாங்கவேண்டும். (சாமி மட்டும் என்னவாம்? தர்ம தரிசன வரிசையில் நிற்பவனைப் பார்க்கச் சாமிக்கு மணிக்கணக்காகிறது. சிறப்புக் கட்டணம் கட்டியவனை உடனே அடையாளம் தெரிந்துவிடுகிறது.)

போகவேண்டிய இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். உள்ளே போகக் காசு வேண்டாம், குளிர்சாதனம் உண்டு, ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை. 2010இல் திறந்தார்கள். பொறுக்குமா? அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் இதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போகிறோம் என்றார்கள். உயர் நீதிமன்றம் தடுத்ததால் பிழைத்தது. வயிற்றுக்கு அம்மா உணவகம். 2013இல் இட்லி ஒரு ரூபாய்க்குத் தொடங்கியது. மற்றபடி இந்த ஊரில் கதவு திறந்திருந்தால் பக்கத்தில் டிக்கெட் கவுண்டர் இருக்கிறது என்று பொருள்.

கதீட்ரல் சாலையில் தனியார் பிடியிலிருந்து மீட்ட அரசு நிலத்தில் 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. மக்கள் நிலம் மக்களுக்கே என்று கைதட்டினோம். திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய். கம்பியில் தொங்கிப் போவதற்குத் தனிக் கட்டணம். மீட்டதெல்லாம் யாருக்காக என்று பெரும்பாக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகளோடு வருகிற ஒருத்தி கேட்டால், மரம் பார்க்க ஒருநாள் கூலியைக் கொண்டுவா என்றுதானே பதில்?

ஓசிக்கு வருவோம். 1945ஆம் வருடம் சென்னை மாகாண அரசு இரண்டு காரியம் செய்தது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கி ஒரு சட்டம் போட்டது. கையேந்துகிறவனைப் பிடித்து அடைக்கலாம். அதே 1945 முதல் கிண்டியில் 160 ஏக்கருக்கு மேல் நிலத்தைக் குதிரைப் பந்தய கிளப்புக்கு 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை வருடத்துக்கு 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. மனிதன் ஒரு தடவை ஒன்றுக்குப் போகிற காசைவிடக் குறைவாகக் குதிரை ஒரு ஏக்கரில் ஒரு வருடம் ஓடியது, பல பத்தாண்டுகள். 730 கோடி ரூபாய்ச் சொச்சம் பாக்கி என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல்தான் கேட்டுக்கு சீல் வைத்தார்கள். இத்தனை காலத்தில் எந்த அமைச்சரும் எந்த விழாவிலும் குதிரைக்காரர்களைப் பார்த்து ஓசி என்று சொன்னதில்லை.

இப்போது அங்கே 118 ஏக்கரில் பெரிய பூங்கா என்கிறார்கள். கதீட்ரல் சாலை விலையில் டிக்கெட் போட்டால், குதிரைகளின் ஒரு வருட வாடகைக்கு ஆறு பேர் ஒரே ஒரு தடவை உள்ளே நடந்துவிட்டு வரலாம். மிச்சம் 14 ரூபாய் 13 அணா. உள்ளே தாகம் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் இருபது.