காதுக்கு ஏற்ற உலாவி

கேள்வி: பார்வையற்ற என் அக்கா போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். திரைவாசிப்பான் இருந்தும் இணையத்தில் திணறுகிறார். உலாவியில் எதை மாற்றுவது?
– வாசகி, தில்லை நகர், திருச்சி-18

பதில்: முதலில் அக்காவுக்குப் போட்டியாகப் பேசுகிறவர்களின் வாயை அடையுங்கள்! பக்கம் திறந்ததும் தானாக ஓடும் காணொலி, திரைவாசிப்பானின் குரலோடு மல்லுக்கு நிற்கும். உங்கள் ஊர் சாஸ்திரி சாலை ஹாரன்களுக்கு நடுவே பாடம் கேட்பது மாதிரி. ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் தானியங்கும் ஒலி, காணொலி இரண்டையும் தடுக்கலாம். அறிவிப்பு அனுப்பவா என்று தளங்கள் நச்சரிப்பதையும் அங்கேயே நிறுத்தலாம். நீண்ட கட்டுரையா? எஃப்9 அழுத்தினால் விளம்பரம் விலகி உரை மட்டும் நிற்கும்.

என்விடிஏ வைத்திருக்கிறாரா? பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் அது, தமிழும் வாசிக்கும். 'எச்' விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். இன்சர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால் இணைப்புகளெல்லாம் பட்டியலாக வரும். இந்த இரண்டைப் பழகினாலே பாதித் திணறல் போகும்.

ஆனால், பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பாடக்குறிப்பை எந்த அமைப்பும் காப்பாற்றாது, குரல் உளறும். தமிழக அரசு 2010-இலேயே பொது எழுத்துக் குறியீடான யுனிகோடை ஏற்றுவிட்டது. வெளியிட்டவர்களிடம் யுனிகோடு பிரதி கேளுங்கள், உரிமையோடு.